மணலே இல்லாத படம்

படத்தில் சுவர் சரியாக இல்லை.

அறையில் சரியாகத்தான் இருந்தது. முக்காலியில் நின்ற கேமராவின் பின்னாலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். கூடத்தின் கோடியில், படுக்கையறைக்குப் போகும் வழியை ஒட்டி, வெளிறிப்போன மஞ்சள் பூச்சோடு வெற்றுச் சுவர், ஓர் ஆணிகூட இல்லை. குனிந்து திரையைப் பார்த்தார். அதே சுவரில் ஆள் உயரத்துக்கு, ஈரம் கோத்ததுபோல் ஒரு கறை. நிமிர்ந்தார், இல்லை. குனிந்தார், இருந்தது. லென்ஸைக் கழற்றி ஊதி, துடைத்து, மாட்டி, மறுபடியும் எடுத்தார். கறை நகரவில்லை. வேறு லென்ஸ் போட்டார். கறை அதற்கும் பொருந்தி நின்றது.

“என்ன, அந்தச் சுவத்துக்குத் திரும்பத் திரும்பக் கும்பிடு போட்டுட்டு இருக்கீங்க?” என்றாள் மனைவி. கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்பக்கம் நின்றிருந்தாள். பையைக் கீழே வைக்கக்கூடாது, தூசி ஏறும் என்பது அவர் உத்தரவு.

“உனக்கு ஒண்ணும் புரியாது. பேசாம இரு.”

“பேசாமத்தான இருக்கேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

அவரை ஊரில் ஒளிப்படக்காரர்கள் நூறு சார் என்று அழைப்பார்கள். முழு மதிப்பெண் என்ற பொருளில் சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் அவர் ஒளிப்படச் சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்றால் ஐ.எஸ்.ஓ. நூறு என்ற கேமரா ஒளியுணர்வு அளவைப் பற்றி மட்டுமே பேசுவார் என்பதால் வந்த பெயர் அது. சங்கத்துக்கு அவர் வாழ்நாள் ஆலோசகர். யாரும் ஆலோசனை கேட்டதில்லை. அது ஆலோசனையைக் குறைத்ததும் இல்லை.

அந்தப் பேச்சு சங்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். இருட்டில் படம் எடுக்க இரண்டே வழி. ஒன்று, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவது. ரேடியோவில் தூரத்து நிலையம் சரியாகக் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடுவதுபோல, வந்த கொஞ்சம் வெளிச்சத்தைக் கேமரா பெருக்கும்போது தன் அழுக்கையும் சேர்த்தே பெருக்கும். படம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளிகள் விழும். தொழிலில் அதற்குக் கிரெயின்ஸ் என்று பெயர். நூறு சாரின் அகராதியில் பிச்சை. இரண்டாவது வழி, ஐ.எஸ்.ஓ.வை நூறிலேயே வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்துவிட்டுக் காத்திருப்பது. வெளிச்சம் சொட்டுச் சொட்டாக வந்து நிறையும். மணல் இருக்காது. ஆனால் அதற்குள் எது அசைந்தாலும் கலங்கும். நடந்து போகிறவர் படத்திலேயே இருக்கமாட்டார். இதனால்தான் அவர் வீட்டு ஆல்பத்தில் யாரும் சிரிப்பதில்லை. சிரிப்பு அசையும். மனைவி எல்லாப் பக்கத்திலும் தண்டனை வாசிக்கப்படும் கைதியைப்போல் நின்றிருப்பாள். அசையாமல் நிற்பதில் அவளுக்கு இணை கிடையாது, பயிற்சி அப்படி.

இந்த வீட்டை முதலில் படமெடுத்தவன் அவளுடைய தம்பி. மாடி வீடு, விற்பனைக்கு. பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழும்பி எல்லா ஜன்னலையும் கையெட்டும் தூரத்தில் சுவரால் அடைத்துவிட்டதால் பட்டப்பகலிலும் உள்ளே சாயங்காலம். மின் இணைப்பையும் துண்டித்தாயிற்று. தம்பி ஐ.எஸ்.ஓ.வை இருக்கிற மட்டும் ஏற்றி, கையில் பிடித்து எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். வீட்டுத் தரகர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் புழுதிப் புயலா என்று கேட்டார். நூறு சார் அந்தப் படங்களைச் சங்கத்தின் பெரிய திரையில் போட்டு, சொந்த மைத்துனன் என்றும் பாராமல், அத்தனை பேர் முன்னால் மணல் மணலாக அலசினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. அதே வீட்டை, அதே இருட்டில், ஒரு புள்ளிகூட இல்லாமல் நான் எடுத்துக் காட்டுகிறேன், அடுத்த கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம் என்று அறிவித்தும் விட்டார். கைதட்டினார்கள். சிலர் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டினார்கள்.

ஆகவே, சுத்தமான படம் இல்லாமல் அவர் இந்த வீட்டைவிட்டு இறங்க முடியாது.

கறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முக்காலியைப் படுக்கையறைக்குத் தூக்கிப்போனார். நாள்பட அடைத்துக் கிடந்த வீட்டின் வாடை அங்கே இன்னும் கனமாக இருந்தது, ஈரச் சுண்ணாம்பும் பழைய செய்தித்தாளும் யாரோ எப்போதோ தலைக்குத் தேய்த்த எண்ணெயும் கலந்து, மூக்கில் ஏறி, தொண்டையில் படிந்து, விழுங்கினாலும் போகாமல். எங்கோ குழாயொன்று சொட்டியது. கீழே சாலையில் கனரக வண்டி ஒன்று போக, கட்டடம் அடிவயிற்றிலிருந்து ஒருமுறை சிலிர்த்து, ஜன்னல் கண்ணாடிகள் உம்மென்று முனகி அடங்கின. ஷட்டர் திறந்தே இருந்தது. மனைவி அந்த நேரம் பார்த்துக் கேமராவுக்கு முன்னால் குறுக்கே நடந்து, சுவர் அலமாரியைத் திறந்து எட்டிப்பார்த்து, மூடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“நடக்கலாமா நான்?”

“நட, நட. நீ படத்துல இருக்கவே மாட்ட.”

“அது ஒண்ணும் புதுசு இல்லையே.”

படம் வந்தது. அவள் இல்லை. திறந்து மூடிய அலமாரிக் கதவும் அசையாத கதவாகவே விழுந்திருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டப்போனவர் ஆட்டவில்லை. அறை மூலையில் கறை இருந்தது. கூடத்தில் இருந்த கறைதான். அதே உயரம். ஒரே ஈரம் இரண்டு சுவரில், ஒரே அளவில், எப்படிக் கோக்கும்?

பெரிதாக்கிப் பார்த்தார். கட்டை விரல் சக்கரத்தை உருட்ட உருட்டக் கறை அருகே வந்தது. மேலே குறுகி, கீழே அகன்று. பிறகு அதன் ஓரத்தில் ஒரு மடிப்பு. மடிப்பில் இழை. துணியின் நெசவு.

“என்ன தெரியுது?” மனைவி எட்டிப் பார்த்தாள்.

அவர் திரையை உள்ளங்கையால் பொத்தினார். “தூசி.”

அவள் வாசற்பக்கம் காற்று வாங்கப் போனதும் மைத்துனனுக்கு ஃபோன் போட்டார். எடுத்த எடுப்பிலேயே அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், குரல் ஏனோ இறங்கிவிட்டது.

“ஏன்டா, இந்த வீட்டுல லைட் எங்கேயாவது குழப்புதா? சுவத்துல ஏதோ நெழலு…”

மறுபக்கம் ஒரு கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

“மாமா, ஐ.எஸ்.ஓ. எதுல வெச்சிருக்கீங்க?”

“இது என்ன கேள்வி? நூறுலதான்.”

“ஏத்திடுங்க மாமா.”

“ஏத்தி? உன்ன மாதிரி மணல் கொட்டி அனுப்பவா?”

“மணல் இருந்தா தெரியாது மாமா. அதுக்குத்தான் ஏத்துனேன்.” அவன் மெல்லப் பேசினான், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல. “நானும் மொதல்ல நூறுலதான் எடுத்தேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே. ரெண்டு படம் எடுத்தேன். அப்புறம் ஏத்திட்டேன்.”

“இத சங்கத்துல அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க மைக்க குடுத்தீங்களா?”

நூறு சார் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

“அக்கா கூட இருக்காளா மாமா? அங்க யாரும் அசையாம நிக்காதீங்க. ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நான் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். பக்கத்துல யாரோ நகர்ந்து எனக்கு எடம் விட்ட மாதிரி இருந்துச்சு.”

“பயந்தாங்கொள்ளி,” என்று சொல்லி வைத்தார்.

அவர் அறிவியல் மனிதர். அப்படித்தான் சங்க மலரில் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். எனவே சோதித்துவிடுவது என்று முடிவு செய்து, கூடத்துக்கு வந்து, அந்தச் சுவரை நோக்கிக் கேமராவை நிறுத்தி, வாழ்நாளில் தொட்டிராத இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. சக்கரத்தைத் திருப்பினார். ஆறாயிரத்து நானூறு. சொடுக்கினார். கண்ணிமைப்பதற்குள் படம். சுவர் முழுக்க மணல், பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள், மூலையெல்லாம் அரித்து, ஜன்னல் சட்டமெல்லாம் கரைந்து, பார்க்கச் சகிக்காத குப்பை. கறை இல்லை. மூச்சு விட்டார். சிரிக்கக்கூடச் செய்தார்.

சிரிப்பு முடிவதற்குள் வேறொன்று உறைத்தது. அந்த மணலில் சுவரின் பூச்சு வெடிப்புகளும்தான் தெரியவில்லை. வெடிப்புகள் இல்லாமல் போய்விடவில்லையே.

பாதியாக்கினார். சொடுக்கினார். மணல் கொஞ்சம் அடங்கியது. மறுபடி பாதி. இன்னும் நேரம் எடுத்துக்கொண்டது ஷட்டர். மறுபடி. காலைப் பனி விலகும்போது சாலையோர மரம் முதலில் சந்தேகமாகவும் பிறகு மரமாகவும் தெரிவதுபோல, படத்துக்குப் படம் மணல் விலக விலக, சுவரோரத்தில் அது கூடிக்கொண்டே வந்தது. முதலில் இருட்டின் ஒரு திரட்சி. பிறகு தோள்கள். எண்ணெய் வைத்து இறுக வாரிய தலை. சுவரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளையைப்போல் நின்றிருந்தது.

நூறில் எடுத்த கடைசிப் படத்தின்போது கீழே வண்டி போனது. கட்டடம் சிலிர்த்தது. படத்தைப் பெரிதாக்கினார். ஜன்னல் சட்டம் லேசாகக் கலங்கியிருந்தது. கதவு நிலை கலங்கியிருந்தது. சுவரின் வெடிப்புகூட ஒரு மயிரிழை கலங்கியிருந்தது.

அது கலங்கவில்லை.

பிடரி முடி ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்போல. வீடே அசைந்தும் அது அசையவில்லை. மூச்சுக்குக்கூட.

முக்காலியை மடக்கு, படியிறங்கு என்று கால்கள் சொல்லின. ஆனால் தலை வேறு கணக்குப் போட்டது. அந்தத் தலையைத்தான் அவர் இத்தனை காலம் சங்கத்துக்கு இரவல் கொடுத்திருந்தார். கூடத்துப் படம் இல்லாமல் ஒப்பீடு இல்லை. ஒப்பீடு இல்லையென்றால் பெரிய திரையில் மைத்துனனின் மணல் மட்டும் நிற்கும், பக்கத்தில் வெறும் வெள்ளை. பின் வரிசையில் யார் முதலில் சிரிப்பான் என்பதுகூட அவருக்குத் தெரியும். கணினியில் அழித்துவிடலாம். அழித்த தடத்தை அந்தப் பயல்கள் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். வேறு வழி? சுவரில் அழுக்கு இருந்தால் வீட்டுப் படம் எடுப்பவர்கள் என்ன செய்வார்கள்? முன்னால் பூந்தொட்டி வைப்பார்கள். பூந்தொட்டி இல்லை.

மனைவி இருந்தாள்.

“இங்க வாம்மா,” என்றார்.

அம்மா என்றதும் அவள் சந்தேகமாகப் பார்த்தாள். “என்ன, குரல்ல தேன் ஒழுகுது?”

“அந்தச் சுவரு முன்னாடி போயி நில்லு. வீட்டுக்காரம்மா மாதிரி. ஒரு ஆளு நின்னாத்தான் கூடம் எவ்ளோ பெருசுன்னு தெரியும்.”

“எனக்கு இந்த வீடே புடிக்கலீங்க. கதவுப் பக்கம் நிக்கும்போதுகூட யாரோ உத்துக் கேக்குற மாதிரி இருக்கு. போதும், வாங்க போலாம்.”

“ஒரே ஒரு படம். உன் தம்பி எடுத்த குப்பைக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா?”

“அவன் பொழைக்கிறான். நீங்க பேசுறீங்க,” என்றாள். ஆனாலும் போனாள். பையை அவர் காலடியில் வைத்துவிட்டு, பூப்போட்ட மேல்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் கையை ஆட்டி நகர்த்தினார். கொஞ்சம் இடது. இன்னும் ஓரடி பின்னால். இன்னும். அவள் முதுகு எதன் மீது உரசும் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

“குளிருதுங்க இங்க.”

“அசையாதே.”

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்துவிட்டதால் இம்முறை ஷட்டர் வெகுநேரம் திறந்திருக்கவேண்டும். நூறை விட்டு ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. பொத்தானை அழுத்தினார். கேமராவின் முதுகில் சிறு சிவப்பு விளக்கு எரிந்தது.

குழாய் சொட்டியது. பிறகு சொட்டவில்லை.

அவள் கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஆல்பத்தில் நிற்பதுபோலவே. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இருட்டு அவள் காலிலிருந்து ஏறியது. முழங்கால். இடுப்பு. முகம் மட்டும் ஒரு வெளிறிய வட்டமாக மிஞ்சியது. விளக்கு அணைந்துவிட்டதா என்று ஒரு கணம் குனிந்தார். எரிந்தது. நிமிர்ந்தார்.

வட்டம் இல்லை.

முகம் இருந்த இடத்தில் கருப்பு. கூந்தலாக இருக்கலாம். இருட்டாக இருக்கலாம். கூப்பிட்டால் அசைந்துவிடுவாள், படம் போய்விடும். அவர் கூப்பிடவில்லை.

ஷட்டர் மூடியது. படம் உடனே வராது. இவ்வளவு நேரம் திறந்திருந்தால் கேமரா கண்ணை மூடிக்கொண்டு அதே அளவு நேரம் வெறும் இருட்டை எடுக்கும். தன் அழுக்கு எது என்று அதில் பார்த்துக் கழித்துவிட்டுத்தான் காட்டும். சுத்தத்துக்கு அவர் கொடுக்கும் விலை அது. காத்திருந்தார்.

காலடி கேட்டது. சுவர்ப் பக்கமிருந்து. மெதுவாக. வெறுங்காலின் ஓசை.

மனைவி செருப்பு போட்டிருந்தாள்.

“ஆச்சு, நகரலாம்,” என்றார் அவர், அது நகர்ந்து முடித்த பிறகு. ஈரச் சுண்ணாம்பு வாடை பக்கத்தில் வந்து நின்றது. தோளை உரசியது துணி. திரும்பவில்லை அவர். திரையையே பார்த்தார்.

“முடிஞ்சுதா?” மனைவியின் குரல்தான்.

படம் வந்தது.

சுத்தமான படம். தொழிலில் இறங்கியதிலிருந்து அவர் எடுத்ததிலேயே சுத்தமானது. ஒரு புள்ளி இல்லை. சுவரோரம் அவள் நின்றாள். பூப்போட்ட மேல்துணி, பூவின் ஒவ்வொரு தையலும். முதுகைக் காட்டி. சுவரைப் பார்த்து. கைகளைத் தொங்கவிட்டு. எங்கும் கலங்கவில்லை.

சுவரிலிருந்து விலகி, கேமராவை நோக்கி, ஒரு சாம்பல் இழுப்பு. நடக்கத் தொடங்கிய எதுவோ.

நிமிர்ந்து பார்த்தார். வெற்றுச் சுவர்.

பக்கத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

விரல் தானாகச் சக்கரத்தைத் தேடியது. ஏற்றினார். ஆறாயிரத்து நானூறு. அதற்கும் மேலே. அதற்கும் மேலே, எண்கள் தீர்ந்துபோகும்வரை. சொடுக்கினார். மணல் வந்தது. கொட்டோ கொட்டென்று மணல். சுவரை மூடி, மூலையை மூடி, எல்லாவற்றையும் மூடிய அருமையான, பிச்சைக்கார மணல். அதில் யாரும் இல்லை. அவருக்கு அழுகை வந்தது. இதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். இதையே தரகருக்குக் கொடுக்கலாம், இதையே திரையில் போட்டு, சிரிக்கிறவன் சிரிக்கட்டும்—

ஒரு கை நீண்டது. அவர் கை மேலாக. குளிர்ந்த விரல்கள். சக்கரத்தைக் கீழே திருப்பின. ஒவ்வொரு சொடுக்காக. அவசரமில்லாமல். நூறு வரும்வரை.

பொத்தானை அழுத்தின.

அவரால் அசைய முடியவில்லை. அசைய அஞ்சினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மூடிய கண்ணுக்குள் கேமரா இருட்டைக் கழித்துக்கொண்டிருந்தது. இருட்டு நிறையவே இருந்தது.

“பாருங்க,” என்றது மனைவியின் குரல்.

பார்த்தார்.

படத்தில் அவள் திரும்பியிருந்தாள். கேமராவை நோக்கி. இரண்டு கைகளும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகள் விரிந்து, கண்ணாடியில் அழுந்தியதுபோல் தட்டையாக. ரேகைகள் தெரிந்தன. வாய் திறந்திருந்தது. முழுக்கத் திறந்திருந்தது. அத்தனை நேரமும் கத்திய வாய் அசைந்திருக்கவேண்டும், கலங்கியிருக்கவேண்டும். பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கூர்மையாக, ஈரத்தோடு. உள்நாக்கு வரை. ஒரு மணல்கூட இல்லை.